எபெர் விட்டுப்போன சாவி

சுல்மா பெருத்திக்குத் தோழியாக இருப்பதில் ஒரே ஒரு தொந்தரவுதான். அவள் எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டாள். ரொட்டிக்கடையில் நின்றால்கூட, கடைக்காரர் தன்னைப் பார்த்து "உனக்கென்னம்மா" என்று கேட்கும்வரை காத்திருப்பாள். அதற்குள் பின்னால் வந்தவள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருப்பாள். நான் அப்படியில்லை. எங்கள் பஸ் கூட்டுறவில் பயணிகளின் புகார்த் தொலைபேசியை எடுக்கிறவள் நான், நெலிடா. "பஸ் எங்கே?" என்று எங்கள் மொந்தெவிதேயோ நகரத்தில் பாதிப் பேர் என் காதில்தான் கத்துகிறார்கள். நானும் திருப்பிக் கத்துவேன். சம்பளத்தில் அதுவும் சேர்த்திதான்.

சுல்மாவுக்கும் அதே கேள்விதான் வேலை. ஆனால் அவளிடம் கேட்பது இயந்திரங்கள். எங்கள் பஸ் ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தை எங்கள் கணினிக்குச் சொல்லிக்கொண்டே ஓடும். முனையத்தில் பஸ் நேரம் காட்டும் பலகைகள், கைப்பேசிச் செயலிகள், ஆஸ்பத்திரி வாசலில் தொங்கும் திரை எல்லாம் அந்தக் கணினியிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளும். கேட்கிறது யார் என்று தெரிய வேண்டுமே, அதற்கு ஒரு சாவி. இரும்புச் சாவி இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்து, வாயில் நுழையாத நீளத்துக்கு ஒரு கோவை. ஏபிஐ சாவி என்று கணினிக்காரர்கள் சொல்வார்கள். அதை நீட்டினால் பதில் வரும், இல்லாவிட்டால் 'சாவி செல்லாது' என்று ஒரு வரி வரும். இந்தச் சாவிகளை உண்டாக்குவது, கொடுப்பது, காலம் முடிந்தால் மூடுவது, இதுதான் சுல்மாவின் பிழைப்பு.

இந்த ஏற்பாட்டையெல்லாம் முதலில் கட்டியவன் எபெர். சுல்மாவோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவன். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, ஆனால் கட்டிக்கொண்டவர்களைவிட ஒழுங்காக இருந்தார்கள். நல்லவன்தான், கைகாரன்தான், ஆனால் சோம்பேறி. சோதித்துப் பார்ப்பதற்கு என்று தன் பெயரில் ஒரு சாவி செய்தான். 'எபெர்-சோதனை' என்று அதற்குப் பெயர். எல்லாக் கதவையும் திறக்கும், காலாவதியே கிடையாது. சோதனை முடிந்ததும் அதை மூடிவிட்டு ஆளுக்கொன்று செய்து தந்திருக்க வேண்டும். தரவில்லை. யாராவது கேட்டால் வாட்ஸ்அப்பில் அதையே அனுப்புவான். அனுப்பி அலுத்துப்போய், ஒரு தாளில் அச்சடித்து, அலுவலகச் சமையலறையில் குளிர்பெட்டியின் மேல் காந்தம் வைத்து ஒட்டிவிட்டான். வேண்டியவன் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று.

எங்களுக்கும் அது தப்பாகவே படவில்லை. எங்களூரில் மாத்தே குடிக்காதவன் யார்? சுரைக்குடுவையில் இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, ஒரே குழலில் ஒருவர் மாற்றி ஒருவர் உறிஞ்சிக் கைமாற்றுவோம். எனக்குத் தனிக் குழல் வேண்டும் என்று ஒருவன் கேட்டால் அவனோடு அடுத்த நாள் யாரும் பேச மாட்டார்கள். அப்படி வளர்ந்தவர்களுக்குச் சாவி மட்டும் எதற்குத் தனித்தனி?

பிறகு எபெர் ஸ்பெயினுக்குப் போனான். வீகோ என்ற துறைமுக ஊரில் அவனுக்கு வேலை. ஒரு வருஷம், பணம் சேர்ந்ததும் வந்துவிடுவேன் என்றுதான் போனான். விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். அவன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனபிறகும் சுல்மா கையை இறக்கவில்லை. நான்தான் பிடித்து இறக்கினேன்.

ஒரு வருஷம் தாண்டியது. "நீ இங்க வந்துடேன்" என்றான் அவன். "நீதானே வர்றேன்னு சொன்ன" என்றாள் இவள். அதற்குமேல் சண்டை என்றுகூட ஒன்று நடக்கவில்லை. தினமும் வந்த அழைப்பு வாரம் ஒன்று ஆயிற்று, பிறகு பண்டிகைக்கு ஒன்று ஆயிற்று, பிறகு நின்றுபோயிற்று. இரண்டு பேரும் மற்றவர் வாய் திறக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். இவளுக்கு அவன்மேல் இருந்த ஆசை குறையவில்லை என்பது எனக்குத் தெரியும். மழை நாளில் எல்லோரும் எண்ணெயில் பொரித்த தோர்த்தா ஃப்ரீத்தா ரொட்டி வாங்கிச் சாப்பிடுவோம். அவனுக்குப் பிடித்த கருகின ஓரத்தை மட்டும் பிய்த்துத் தட்டில் வைத்துவிட்டு, பிறகு சும்மா அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அடியே, அவன் அங்க எவளையாச்சும் புடிச்சிருப்பான். நீ எதுக்குடி இங்க கருகின ரொட்டியைக் காவல் காக்குற?" என்பேன்.

"இருக்கலாம்" என்பாள். அவ்வளவுதான் வரும் அவள் வாயிலிருந்து.

எபெரின் சாவி எங்களைக் கவிழ்த்தது ஒரு கார்னிவல் மாலையில். பறை ஊர்வலம் பார்க்க ஊரே தெருவுக்கு வந்திருந்த நேரம். திடீரென்று எல்லாப் பலகைகளும் ஒரே சமயத்தில் இருண்டன. எந்த பஸ் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. என் தொலைபேசி வெடிக்காத குறைதான். அன்றைக்கு என் அம்மாவைப் பற்றிக் கேட்ட வசவுகளை இன்னும் நான் மறக்கவில்லை.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஓட்டுநர் ஓமாரின் மருமகன், ரொட்டிக்கடைகளில் மாட்ட பஸ் கடிகாரம் என்று ஒன்று செய்திருக்கிறான். குளிர்பெட்டிச் சாவியை அதற்குள் வைத்து, முழு நிரலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி இணையத்தில் போட்டிருக்கிறான். எவனோ அந்தச் சாவியை எடுத்து, மூச்சுவிடாமல் கேள்வி கேட்கிற ஒரு நிரலை ஏவிவிட்டான். எங்கள் கணினி மூச்சு முட்டி விழுந்துவிட்டது. அதைவிடக் கேவலம், யார் செய்தது என்று பார்த்தால் பதிவில் எல்லா வரியிலும் ஒரே பெயர்தான் இருந்தது: எபெர்-சோதனை. பலகையும் அவன்தான், ஆஸ்பத்திரியும் அவன்தான், திருடனும் அவன்தான்.

மேலாளர் அனிபால் நல்ல மனுஷர். கோபம் வந்தால் காது மட்டும் சிவக்கும். அன்றைக்குக் காது சிவந்தே வந்தார். "சுல்மா, ஆளுக்கொரு சாவி. பழசு சாகணும். உறுப்பினர் பொதுக்கூட்டத்துல நான் எழுந்து நின்னு, செத்துப்போச்சுன்னு சொல்லணும். புரியுதா?"

"புரியுது" என்றாள் சுல்மா. குளிர்பெட்டிக்குப் போய் அந்தத் தாளை எடுத்தாள். கிழித்துப் போடுவாள் என்று பார்த்தேன். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் தனிச் சாவி, ஒவ்வொரு செயலிக்கும் தனிச் சாவி. ஆஸ்பத்திரித் திரைக்கு ஆஸ்பத்திரி நிறுத்தம் மட்டும்தான் தெரியும், வேறு கதவு திறக்காது. எதற்கும் காலாவதி உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்புவது, தாளில் எழுதுவது எல்லாம் ஒழிந்தது. கணினிக்குள்ளேயே ஒரு பூட்டிய பெட்டகம், அங்கே போய்த்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வேலையை விட்டுப் போகிறவர்களின் சாவி அன்றைக்கே மூடப்படும். விதிகளை அவளே எழுதினாள். மூடுவதற்கு முன்னால் வைத்திருப்பவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதும் அவள் போட்ட விதிதான். சொல்லாமல் கதவைச் சாத்துவது மரியாதை இல்லையாம்.

ஓட்டுநர்கள் விடுவார்களா? கூடத்தில் மாத்தே சுற்றி வரும்போது ஓமார் ஆரம்பித்தார். "என்னம்மா சுல்மா, அடுத்து மாத்தேக்கும் ஆளுக்கொரு குழல் குடுத்துடுவ போல?"

"மாத்தேயில எச்சில்தான் ஒட்டும் ஓமார். சாவியில திருடன் ஒட்டுவான்."

"அப்ப என் மருமகன் திருடனா?"

"உங்க மருமகன் திருடன் இல்ல. கதவைத் திறந்துபோட்டுட்டுத் தூங்கப் போனவரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஓமாரும் சிரித்தார். ஆனால் அவருக்குக் கொடுத்த சாவியை பஸ்ஸில் வெயில் மறைப்பின் பின்னால் பேனாவால் எழுதி வைத்திருந்தார். சுல்மா அதைப் பார்த்த அன்றே மூடிவிட்டு வேறு கொடுத்தாள். "இதையும் எங்கேயாவது எழுதி வைக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

பழைய சாவியைப் பயன்படுத்துகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். சுல்மா பதிவைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவரையும் தேடிப் போனாள். பள்ளிக்கூடம், ரொட்டிக்கடைகள், துறைமுகத்தில் ஒரு அலுவலகம். யாராவது விட்டுப்போயிருந்தால் தெரியட்டும் என்று, மூடியபிறகு போகிற மறுப்பு வரியையும் முன்கூட்டியே எழுதி வைத்தாள்: 'இந்தச் சாவி மூடப்பட்டது. புதியதற்குச் சுல்மா பெருத்தியைக் கேட்கவும்.'

ஒரு நாள் மத்தியானம் என் மேசைக்கு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"நெலி, ஒண்ணு காட்டணும். வா."

அவள் திரையில் பழைய சாவியின் பதிவு திறந்திருந்தது. அன்று மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஆள்தான். கேள்வி வந்த இடம் வீகோ.

"சரி, எபெர்தான். அவன் சாவி, அவன் வச்சிருக்கான். இதுல என்ன?" என்றேன்.

"எதைக் கேக்கறான்னு பாரு."

பார்த்தேன். லா தேஹா பேட்டை, மருந்துக்கடை முனை நிறுத்தம். சுல்மா இறங்குகிற நிறுத்தம். வேறெதுவும் கேட்கவில்லை அவன். முந்தைய நாள், அதற்கும் முந்தைய நாள், போன மாதம், போன வருஷம், எல்லாம் அதே நிறுத்தம்தான். அலுவலகம் முடிந்து இவள் பஸ் ஏறும் நேரத்துக்கு முதல் கேள்வி வரும். அது எங்கே வருகிறது என்று இன்னொரு கேள்வி. பஸ் மருந்துக்கடை முனையைத் தாண்டியதும் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஈஸ்டரை ஒட்டி எங்களுக்கு வருமே சுற்றுலா வார விடுமுறை, அப்போதும் கிடையாது. ஒருநாள் பெருமழையில் பாலம் மூடி பஸ் நடுவழியில் நின்றது. அன்றைக்கு மட்டும் கேள்விமேல் கேள்வியாக, பஸ் போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அங்கே அது நடுராத்திரி தாண்டிய நேரம்.

மனசு இளகியதைக் காட்டிக்கொள்ளப் பிடிக்காமல் கத்தினேன். "இவ்வளவு அக்கறை இருக்கறவனுக்குப் போன் இல்லையா? உன் நம்பர் அவன்கிட்ட இல்லையா?"

"இருக்கு. அவன் நம்பரும் எங்கிட்ட இருக்கு. அதுதான் வேதனையே" என்றாள் சுல்மா. "அத்தனை நாளும் நான் பஸ்ல ஜன்னல்கிட்ட உக்காந்து, இவன் என்னை மறந்துட்டான்னு நினைச்சுக்கிட்டே போயிருக்கேன் நெலி. அதே பஸ்ஸை அவன் அங்கேருந்து பாத்துக்கிட்டே இருந்திருக்கான்."

அவள் அழவில்லை. கையை மட்டும் மேசையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் வேண்டும்போல இருந்தது, இரண்டு பேரையும் நிற்க வைத்து அறையவும் வேண்டும்போல இருந்தது.

அன்றிலிருந்து அவள் அந்தச் சாவியை மூடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். சாயங்காலம் பஸ் ஏறும் முன் பதிவைத் திறப்பாள். முதல் கேள்வி வந்துவிட்டதா என்று பார்ப்பாள். வந்திருந்தால்தான் எழுந்திருப்பாள். ஒருநாள் கொஞ்சம் தாமதமாக வந்தது. அதற்குள் அவள் மேலங்கியைப் போடுவதும் கழற்றுவதுமாகப் பட்ட பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை. மூடினால் அவன் போய்விடுவான். மூடாவிட்டால் கார்னிவல் கூத்து எப்போது வேண்டுமானாலும் திரும்ப நடக்கும். அந்தச் சாவி எல்லாக் கதவையும் திறப்பது, எவனெவன் கையிலோ இருப்பது.

"நான் ஒண்ணு சொல்றேன்" என்றேன். "அவனுக்குன்னு சின்னதா ஒரு சாவி பண்ணு. அந்த ஒரு நிறுத்தம் மட்டும் தெரியற மாதிரி. யாருக்கும் தெரியாது. பேரு 'சோதனை'ன்னு வை."

"பேர் இல்லாத சாவியாலதான் இவ்வளவும் ஆச்சு. நானே அதைச் செய்யவா?" என்றாள். "அதுவுமில்லாம, அவன் கேக்கல நெலி. கேக்காதவனுக்கு எப்படிச் சாவி குடுக்கறது?"

"அப்ப நீ போட்ட விதிப்படி, மூடறதுக்கு முன்னாடி அவன்கிட்ட சொல்லு. போனைப் போடு. 'எபெர், சாவியை மூடறேன்'னு சொல்லு. நாலு வார்த்தைதானே!"

போனை எடுத்தாள். அவன் பெயர்வரை போனாள். அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "நான் கூப்பிட்டு, அவன் 'ஆங், சரி, மூடிக்கோ'ன்னு சொல்லிட்டா?" என்றாள்.

பொதுக்கூட்டத்துக்கு முந்தைய நாள் அனிபால் வந்தார். காது லேசாகச் சிவந்திருந்தது. "சுல்மா, நாளைக்கு நான் என்ன சொல்றது?"

"செத்துப்போச்சுன்னு சொல்லுங்க. இன்னிக்கு மூடறேன்."

அவர் போனதும் அவள் வெகுநேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். எழுதுவாள், அழிப்பாள், திரும்ப எழுதுவாள். நான் எட்டிப் பார்க்கப் போனால் திரையைத் திருப்பினாள். பிறகு, கிளம்பும் நேரம் நெருங்கியதும், சாவியை மூடினாள். மூடுவதற்கு ஒரு பொத்தான்தான். அதை அமுக்கிவிட்டுக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாத்தே ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். ஆறிப்போயிற்று.

வழக்கமான நேரத்துக்குக் கேள்வி வந்தது. மருந்துக்கடை முனை. பக்கத்திலேயே சிவப்பில்: மறுக்கப்பட்டது.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இன்னொரு கேள்வி, அதே நிறுத்தம், மறுக்கப்பட்டது. உடனே இன்னொன்று. இன்னொன்று. பஸ்ஸைப் பார்க்கிறவன் அப்படிக் கேட்க மாட்டான். செல்லாது என்று தெரிந்தபிறகும் அந்த மனுஷன் அதே கதவைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடி பண்றான் அவன்? பைத்தியமா?"

சுல்மா சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. "படிக்கறான்" என்றாள். "திரும்பத் திரும்பப் படிக்கறான்."

அப்போதுதான் அவள் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அந்தச் சாவிக்கு மறுப்பாகப் போகிற வரியை மாற்றியிருந்தாள். 'இந்தச் சாவியை நான்தான் மூடினேன், எபெர். இனிமேல் பஸ்ஸைக் கேட்காதே. என்னைக் கேள். சுல்மா.'

ரொட்டிக்கடையில் வாய் திறக்காதவள் எழுதியது அது. நான் ஏதோ சொல்ல வந்து, வராமல், அவள் கையிலிருந்த ஆறின மாத்தேயை வாங்கி நானே குடித்துத் தொலைத்தேன்.

கேள்விகள் நின்றன. மேசைமேல் அவள் போன் கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம். அது பாட்டுக்குக் கிடந்தது. காவலாளி வந்து விளக்கை அணைக்க வேண்டும் என்று நின்றார். எழுந்து நிறுத்தத்துக்குப் போனோம்.

குளிர்காற்று ஆற்றுப் பக்கத்திலிருந்து அடித்தது. தேஹா பஸ் வந்தது. சுல்மா ஏறவில்லை. "உள்ள சத்தமா இருக்கும், காது கேக்காது" என்றாள். அடுத்ததும் வந்தது, போனது. எனக்குக் கால் விறைத்தது.

"சுல்மா, அவன் கோழை. தெரிஞ்சுக்கோ. படிச்சுட்டு போர்வையைப் போத்திக்கிட்டுப் படுத்திருப்பான். வா, வீட்டுக்குப் போய்ச் சூடா எதையாவது குடிப்போம்" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் அவனைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்தத் தெருவில் நின்று, கூப்பிடுடா, ஒரே ஒரு தடவை கூப்பிட்டுத் தொலைடா என்று நான்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பஸ்ஸை ஓட்டி வந்தவர் ஓமார். கதவைத் திறந்தார். சுல்மா என்னைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு படியில் ஒரு காலை வைத்தாள். போன் அடித்தது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏறுறியா இல்லியாம்மா? பின்னால ஆளு நிக்குது" என்றார் ஓமார்.

"நீங்க போங்க" என்று காலை எடுத்துக் கீழே வைத்தாள். அது என் வழிக்குப் போகாத பஸ். ஆனாலும் நான் ஏறிக்கொண்டேன், அவளைத் தனியாக விட வேண்டும் என்று. கதவு மூடுவதற்குள் அவள் போனைக் காதில் வைத்துவிட்டாள். முதலில் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"இல்ல எபெர், இன்னும் வீட்டுக்குப் போகல."